நடுகல்லையும் படம் எடுப்போம்

ஆசிரியருக்கு,

ஒகேனக்கல் என்றால் ஆளுக்கொரு செல்போனைத் தூக்குகிறோம். அதே தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வயலோரம் நிற்கும் நடுகற்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஆநிரைப் போரில், அதாவது மாடுகளைக் கவரவும் மீட்கவும் நடந்த சண்டையில், மாண்ட வீரர்களுக்கு ஊரார் எடுத்தவை அவை. பலவற்றில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் செய்தியும் உண்டு.

காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுத்தால் தேய்ந்த எழுத்துகூடத் துலங்கும். தயவுசெய்து சாக்பீஸ் தடவாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு, அப்புறம் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அங்கே காப்பாற்றி வைத்திருக்கும் நடுகற்களையும் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம் குன்றிலுள்ள பெருங்கற்காலக் கற்திட்டைகளும் (பலகைக் கற்களால் அமைத்த ஈமச்சின்னங்கள்) படமெடுக்க வேண்டியவைதான்.

உங்கள் நாளிதழ் வாரம் ஒரு வாசகர் படத்தை ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டும்.

– வாசகர், பாலக்கோடு