குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பேரவையில் பாதி நேரம் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். "தண்ணி ஒழுங்கா வர்றதே இல்லை" என்று எல்லோரும் சொன்னோம். எந்தத் தெருவில், மாதத்தில் எத்தனை நாள், எத்தனை குடம் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. அந்த மௌனம் என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு நாம் செய்த வேலையில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

மே மாதத்தில் மகளிர் குழு அக்காமார்கள் ஒரு வழி சொன்னார்கள். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் தண்ணீர் வந்த நாளுக்கு வட்டம் போட்டு, பக்கத்தில் எத்தனை குடம் என்று எழுதுவது. ஐந்து தெருக்களில் 22 வீடுகள் ஒப்புக்கொண்டன. மூன்று மாதம் கழித்து அந்தக் காலண்டர்களைத் தலைவர் வீட்டுத் திண்ணையில் பரப்பிப் பார்த்தோம். டேங்க் பக்கத்துத் தெருவில் மாதத்துக்கு 26, 27 நாள் தண்ணீர் வந்திருந்தது. கடைசித் தெருவில் வந்தது 9 நாள்தான். ஒரே ஊர், ஒரே டேங்க்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். முதல் மனுவை எழுதியவன் நான். "எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை?" என்று கேட்டிருந்தேன். பயனுள்ள பதில் எதுவும் வரவில்லை. அந்தச் சட்டம் நமக்குத் தருவது அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணங்களை. காரணம் சொல்லவோ கருத்துச் சொல்லவோ அது யாரையும் கட்டாயப்படுத்தாது. இதை உறுப்பினர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பாதி மனுக்கள் இந்த இடத்தில்தான் வீணாகின்றன. இரண்டாவது மனுவில் கேள்வியே இல்லை. குடிநீர் விட்ட பதிவேட்டின் நகல், மோட்டார் பழுதுபார்த்த பில்கள், பிளீச்சிங் பவுடர் வாங்கிய விவரம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள், இவ்வளவுதான் கேட்டோம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு ஒரு கட்டு தாள் வந்தது.

பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் "காலை 6 முதல் 7.30 வரை, அனைத்துத் தெருக்கள்" என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருந்தது. பார்த்ததும் சோர்ந்துபோனோம். அப்புறம் நம் பொருளாளர்தான் மோட்டார் பில்லை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார். கம்பிச்சுருள் (காயில்) கட்டுவதற்காக மோட்டாரைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோன நான்கு நாட்களிலும் பதிவேட்டில் தண்ணீர் ஓடியிருந்தது! காலண்டர்களில் அந்த நான்கு நாளும் ஒரு வட்டம்கூட இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்று மாலையே பலர் தண்ணீர் விடும் தம்பி மீது புகார் எழுத வேண்டும் என்றார்கள். முதலில் அவரிடம் போய்ப் பேசுவோம் என்று செயற்குழு முடிவு செய்தது. நல்ல வேளை. அந்தப் பதிவேட்டை அவர் எழுதுவதே இல்லை. மாதக் கடைசியில் அலுவலகத்தில் மொத்தமாக நிரப்பிவிடுகிறார்கள். கடைசித் தெரு வால்வு எட்டு மாதமாகத் துருப்பிடித்து இறுகிக் கிடந்திருக்கிறது. அதை மாற்றித் தரச் சொல்லி அவர் வாய்மொழியாகப் பலமுறை கேட்டிருக்கிறார், எழுத்தில் எதுவும் இல்லை. மிகக் குறைந்த சம்பளத்துக்கு விடியற்காலையில் மூன்று வால்வுகளுக்கு நடக்கிற ஒரு மனிதரை ஊரே திட்டிக்கொண்டிருந்தது. நாமும்தான். வால்வு வாங்க ஒப்புதல் தர வேண்டியவர் யார், பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி என்று அன்று புரிந்தது.

அக்டோபர் 2 கிராம சபைக்குக் காலண்டர்களையும் பதிவேட்டின் நகலையும் எடுத்துக்கொண்டுதான் போனோம். நம் ஊராட்சியின் மக்கள்தொகை 3,000-க்கு மேல் என்பதால் 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். மற்ற ஆண்டுகளில் நூறுநாள் வேலைக்காரர்களை வைத்துக் கணக்கை முடிப்பார்கள். இந்த முறை ஐந்து தெருவும் வந்தது. அக்காமார்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் காலண்டரை வாசித்தார்கள். பிறகு நம் துணைத்தலைவர் பதிவேட்டை வாசித்தார். யாரும் கத்தவில்லை, யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. இரண்டையும் வாசித்ததே போதுமாக இருந்தது. வால்வு மாற்றுவது, பதிவேட்டில் வாரம் ஒருமுறை கடைசித் தெருப் பெண்கள் இருவர் கையெழுத்திடுவது என்று இரண்டு தீர்மானங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் வரை நாம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் நம் தெருக்களைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்தது.

டிசம்பரில் புது வால்வு வந்தது. கடைசித் தெருவில் இப்போது மாதம் 20 நாளுக்குக் குறையாமல் தண்ணீர் வருகிறது. ஆனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. கோடையில் நாம் அதை எட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அரசு ஆவணங்களை இப்படி ஊர்க் கூட்டத்தில் வாசிப்பது நாம் கண்டுபிடித்த முறை இல்லை. ராஜஸ்தானில் சமூக ஆர்வலர் அருணா ராய் உள்ளிட்டோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. பட்டியலில் பெயர் இருந்தவர்களே எழுந்து நின்று மறுத்தார்கள். அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே மாநிலங்களில் முதலாவதாக இப்படி ஒரு சட்டம் இயற்றியது என்றாலும், மக்கள் கையில் கருவியாகும்படி அதற்கு உயிர் கொடுத்தவர்கள் அந்தக் கூலித் தொழிலாளர்கள் என்பது என் எண்ணம்.

ஜனவரி மாத வாசிப்புக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா இந்தோனேசியாவைப் பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அங்கே 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களில், கணக்கில் காட்டியும் சாலைக்குப் போகாத பணம் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களைக் கூட்டத்துக்கு அழைத்ததால் மட்டும் சராசரியில் பெரிய மாற்றம் வரவில்லை. ஆகவே, நாம் கூடிப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மேலிருந்து தணிக்கையும் வர வேண்டும், அந்த அறிக்கை நம் கைக்கும் வர வேண்டும். நம் ஊராட்சியின் கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளின் நகல் கேட்டு மார்ச்சில் மனு போட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை. மேல்முறையீடு செய்துள்ளோம்.

ரேஷன் கடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்காத பருப்புக்கும் பாமாயிலுக்கும் கைப்பேசியில் குறுஞ்செய்தி வருவதாகப் பதினொரு குடும்பங்கள் சொன்னார்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்த ஏழு பேருடையதை மட்டும் சேர்த்து 1967 என்ற ரேஷன் புகார் தொலைபேசி எண்ணில் புகார் பதிந்தோம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனு கொடுத்தோம். இப்போது இருப்புப் பலகை தினமும் எழுதப்படுகிறது. பொய்க் குறுஞ்செய்தி நின்றுவிட்டதாகவே தெரிகிறது. பழைய இழப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. மனுவில் பெயர் கொடுத்த நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு இரவில் சிலர் வந்து "எதுக்கு வம்பு" என்று பேசிவிட்டுப் போனார்கள். அவருடைய மகள் பயந்துபோய் இரண்டு நாள் பள்ளிக்குச் செல்லவில்லை. அந்தக் குடும்பத்திடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவரைத் தனியாக முன்னால் நிறுத்தியது நம் தவறு. தகவல் உரிமைச் சட்டத்தில் உரிமை குடிமக்களுக்கு என்பதால் சங்கத்தின் பெயரில் மனு போட்டால் தட்டிக் கழிக்க இடம் உண்டு. ஆகவே இனி ஒரே விவரத்தைக் குறைந்தது ஐந்து பேர் தனித்தனி மனுக்களாகக் கேட்பது என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

இன்னொரு கவலை. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவை மாற்றுகிறது. தனிநபர் தகவல் என்றாலே மறுத்துவிடலாம் என்ற நிலை வரக்கூடும். பெயரில்லாத கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்து என்ன பயன்? இந்த அறிக்கையை எழுதும் 2024 ஜூலையில் அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் எதிர்ப்பை எழுத்தில் அனுப்ப இந்தப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

கணக்குக் கேட்கிற நாம் நம் கணக்கையும் காட்ட வேண்டும். சங்கத்தின் வரவு செலவு, பில்களோடு நூலக வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தேகம் உள்ளவர்கள் இங்கேயே கேட்கலாம்.

மூன்று மாதம் ஒருநாள் விடாமல் வட்டம் போட்ட 22 வீட்டுத் தாய்மார்களுக்கும், எங்களிடம் மனம்விட்டுப் பேசிய தண்ணீர் விடும் தம்பிக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தெருவிளக்குக் கணக்கை எடுத்துப்போகிறோம். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துத் தர ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் வேண்டும். மூன்றாம் தெருவிலிருந்து மட்டும் இன்னும் யாரும் பெயர் தரவில்லை.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்
ஜூலை 2024