சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், செல்விக்கு

அன்புள்ள செல்வி,

நேற்று ராத்திரி போனில் "அக்கா, பத்து வயசுல பிள்ளையைத் தனியா விடலாமா?" என்று கேட்டாய், நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை, அதுதான் காரணம். பள்ளிக்கூடம் திறந்த இந்த வாரத்தில் உன்னைப் போல எத்தனையோ பேர் இதே யோசனையில் இருப்பார்கள், அதனால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உன் மாமியார் முழங்கால் ஆபரேஷனுக்குப் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டார், இனி அவரை அலைக்கழிக்க முடியாது. வேன் 3.45-க்குக் கதிரை கேட்டில் இறக்கிவிடுகிறது, நீ சரவணம்பட்டியில் வேலை முடிந்து வந்து சேர ஆறரை ஆகிறது. நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம். சட்டத்தில் வயது ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டாயே, நம் நாட்டில் அப்படி ஒரு வயது கிடையாது. 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம், பொறுப்பில் இருப்பவர் பிள்ளைக்குத் துன்பம் வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே அதைக் கவனிக்காமல் விட்டால் தண்டனை உண்டு என்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

"நாமளும் அப்படித்தானே வளர்ந்தோம்" என்றாய். இல்லை செல்வி. பேட்டையில் அந்த வளவில் ஒன்பது குடும்பம் இருந்தது, ஒரு வீட்டுக் கதவும் பகலில் சாத்தி இருந்ததில்லை. நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பையைப் போட்டது கோடி வீட்டு ஆச்சியின் திண்ணையில், அம்மா வருகிறவரை ஆச்சி கண்ணிலேயேதான் இருந்தோம். அதற்குப் பெயர் தனியாக இருப்பதா? உன் அப்பார்ட்மெண்டில் நாற்பது வீடு இருந்தும் நாலு மணிக்கு எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியாது.

என் மகளை நான் முதலில் தனியாக விட்டது அவள் ஆறாம் வகுப்பில், பதினோரு வயதில். மூன்றாவது வாரம் கண்ணாடி டம்ளரை உடைத்து, காலில் கிழித்துக்கொண்டு, துண்டுகளை எல்லாம் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் வைத்துவிட்டு, சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துச் சாக்ஸைத் துவைக்கும்போது ரத்தக் கறையைப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு "நீ திட்டுவேன்னு நினைச்சேன்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. டம்ளரையே மறைக்கிற பிள்ளை வேறு எதையெல்லாம் மறைக்கும்?

2018-ல் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமையை மறந்திருக்க மாட்டாய். 2020 பிப்ரவரியில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்த வளாகத்திலேயே வேலை பார்த்தவர்கள். அந்தக் குழந்தையை மிரட்டி வைத்திருந்ததால் மாதக்கணக்காக அவளால் வீட்டில் சொல்ல முடியவில்லை. இதைப் படித்துவிட்டு உன் வாட்ச்மேனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, பாவம், அவர் நல்ல மனுஷன். "கீழே வாட்ச்மேன் இருக்காரு" என்பதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதே என்றுதான் சொல்கிறேன். "ஆம்பளப் பையன்தானே" என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராம். போக்சோ சட்டமே ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிப்பதில்லை, 18 வயதுக்குக் கீழே எல்லாருமே அதில் குழந்தைகள்தான்.

அதனால் வயதைக் கேட்பதற்கு முன்னால் இதைப் பார்: கதிர் தான் செய்த தப்பை அவனாகவே வந்து உன்னிடம் சொல்கிறானா? சொல்வான் என்றால் பத்து வயதிலும் கொஞ்ச நேரம் விடலாம். சொல்ல மாட்டான் என்றால் பதின்மூன்றிலும் எனக்குப் பயம்தான். நான் அந்த டம்ளர் விஷயத்துக்கு அப்புறம் ஐந்து மாதம் மகளைத் தனியாக விடவில்லை. அந்த ஐந்து மாதமும் அவள் உடைத்ததையும் தொலைத்ததையும் சொன்னபோதெல்லாம் குரலை உயர்த்தாமல் இருக்கப் பழகினேன். சிரமமாகத்தான் இருந்தது.

வீட்டையும் பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடு, அவன் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஹாட்பாக்ஸில் ஏதாவது வைத்துவிட்டுப் போ. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், அதனால் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் போன் என்று அவனைச் செய்துகாட்டச் சொல். கேஸ் கசிவுக்கு 1906, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098. உன் நம்பர் அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், போனில் சார்ஜ் இல்லாத நாள் கட்டாயம் வரும். தனியாக இருக்கும்போது பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட வேண்டாம். கரண்ட் அடிக்கடி போகிற நாளில் லிப்ட் வேண்டாம், படியில் ஏறட்டும். சாவியில் வீட்டு நம்பர் எழுதிய வளையத்தை மாட்டாதே. பார்சல்காரர் யாராக இருந்தாலும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

பாப்பா விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். யுகேஜி படிக்கிற பிள்ளையை அவன் பொறுப்பில் விடாதே. தன்னைப் பார்த்துக்கொள்வதும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வதும் வேறு வேறு வேலை, பத்து வயதில் முதலாவதே பெரிய காரியம். அவள் ஆறு மணிவரை டேகேரிலேயே இருக்கட்டும், அந்தப் பணத்தை நான் பாதி தருகிறேன், கூச்சப்படாதே.

உடனே இரண்டே முக்கால் மணி நேரத்துக்குத் தாவாதே. பால் வாங்கப் போகும்போது பத்து நிமிடம், சனிக்கிழமை அரை மணி நேரம், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் கீழே பார்க்கிங்கில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் எப்படி இருந்தது என்று கேள், "பயமா இருந்துச்சு" என்றால் அங்கேயே நிறுத்து, பெரிய பையன் என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடாதே. அதுவரைக்கும் நாலு மணிக்கு யாராவது இருக்க வேண்டுமே, எதிர்வீட்டு டியூஷன் டீச்சரிடம் கேட்டுப் பார்.

பழைய பட்டன் போன் ஒன்று என்னிடம் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன். சுவரில் ஒட்டுகிற தாளில் உன் நம்பருக்கும் மாப்பிள்ளை நம்பருக்கும் கீழே என் நம்பரையும் எழுது. நாலு மணிக்கு எனக்கு டீ இடைவேளை, அவன் கூப்பிட்டால் எடுப்பேன்.

அக்கா