மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு ஜவ்வரிசியைத் தாண்டியும் வழி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி அறுவடைக் காலம் வந்துவிட்டால், கிழங்கின் ஸ்டார்ச் அளவைக் குறிக்கும் பாயிண்டுக்கு ஆலைகள் என்ன விலை தருகின்றன என்பதும், விலை சரிவுக்கு ஜவ்வரிசியில் மக்காச்சோள ஸ்டார்ச் கலப்படம் செய்வதே காரணம் என்ற குற்றச்சாட்டும் தவறாமல் செய்தியாகின்றன. கலப்படத்தை ஒடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியே. ஆயினும், நம் பகுதியின் பெரும்பாலான ஆலைகள் ஜவ்வரிசியையும் சாதாரண ஸ்டார்ச்சையும் தாண்டி ஏன் போகவில்லை என்ற கேள்வி இந்த விவாதங்களில் எழுவதே இல்லை.

சாதாரண ஸ்டார்ச்சின் குறை அதைக் காய்ச்சி வைத்துப் பார்த்தாலே தெரியும். கொதிக்கும்போது பளபளவென்று கெட்டியாகும் கூழ், ஆறிக் கிடந்தால் இறுகி, ஓரத்தில் நீர் கசிய விடும். புளிப்புச் சேர்ந்தாலோ அதிக நேரம் கொதித்தாலோ நீர்த்துப்போகும். வீட்டுச் சமையலில் இது பெரிய தொல்லை இல்லை. மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டிய சாஸுக்கும், உறைநிலையில் வைத்து எடுக்கும் உணவுக்கும் இது ஒத்துவராது. அதனால்தான் ஸ்டார்ச் மூலக்கூறில் சிறு மாற்றங்களைச் செய்கிறார்கள். அதன் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் வேறொன்றை இணைப்பதற்கு இடம் தரும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அங்கே எதை இணைக்கிறோம், எத்தனை அலகுகளில் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே மாவு நீரை விடாமல் பிடித்துவைப்பதாகவும் ஆகும், நீரை அண்டவிடாததாகவும் ஆகும்.

ஹைட்ராக்சிபுரோப்பைல் தொகுதியை இணைத்து, பாஸ்பேட்டால் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பும் கொடுத்தால், உறையவைத்து உருக்கினாலும் நீர் கசியாத ஸ்டார்ச் கிடைக்கிறது. உணவுப் பொட்டலங்களின் மேல் 1442 என்ற உணவுச் சேர்க்கை எண்ணுடன் வருவது இதுவே. நேர்மின் சுமையுள்ள தொகுதியை இணைத்தால் காகித ஆலைக்குரிய ஸ்டார்ச் ஆகிறது. மரக்கூழ் நார் எதிர்மின் சுமை உடையதாகையால் இது அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதோடு, எழுதும்போது மை பரவாமல் இருக்கக் காகிதத்தில் சேர்க்கும் மெழுகு போன்ற நீர்விலக்கிப் பொருளைத் துளித்துளியாக நீரில் நிறுத்திவைக்கவும் உதவுகிறது.

ஆனால் நம் ஆலைகளுக்கு ஏற்றது என்று நான் கருதுவது ஆக்டினைல் சக்சினேட் ஸ்டார்ச். இது 1950-களில் அமெரிக்காவில் உருவானது. இதற்குப் பெரும் இயந்திரங்கள் தேவையில்லை: ஸ்டார்ச்சை நீரில் பால் போலக் கலக்கி, நீர்த்த காஸ்டிக் சோடாவால் காரத்தன்மையை 8 முதல் 8.5 வரையிலான பிஎச் அளவில் நிறுத்தி, ஆக்டினைல் சக்சினிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு அமிலத்தால் நடுநிலையாக்கிக் கழுவி உலர்த்தினால் போதும். உணவுக்குரிய ஸ்டார்ச்சில் இந்த வேதிப்பொருள் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் ஏறத்தாழ நூறு குளுக்கோஸ் அலகுகளுக்கு இரண்டில் மட்டுமே எட்டுக் கார்பன் கொண்ட, எண்ணெயை நாடும் வால் முளைக்கிறது. அந்த இரண்டே போதும். வால் எண்ணெய்த் துளிக்குள் புதைய, எஞ்சிய சங்கிலி நீரில் விரிந்து நிற்பதால், ஆரஞ்சுக் குளிர்பானத்தின் வாசனை எண்ணெய் பாட்டிலின் கழுத்தில் வளையமாகத் திரளாமல் பானம் முழுக்கப் பரவி நிற்கிறது. வாசனை எண்ணெய்களையும் வைட்டமின் ஏ-யையும் தூளாக்குவதற்கும் இதே ஸ்டார்ச்தான். சூடான் முதலிய நாடுகளிலிருந்து வரும் அகேசியா கோந்து செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இது எடுத்துக்கொண்டது. அதே மாவை அலுமினிய உப்பாக மாற்றினால், அது நீரில் நனையாமல் மிதக்கும், கையில் வழுக்கும் தூளாகிறது. முகப் பவுடரிலும் கிரீம்களிலும் சேர்க்கிறார்கள்.

மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு இங்கே இயல்பான அனுகூலம் உண்டு. மக்காச்சோள ஸ்டார்ச்சைவிட இதில் புரதமும் கொழுப்பும் குறைவு, தானிய வாடை இல்லை, கூழ் தெளிவானது. வாசனைப் பொருளை ஏந்தவேண்டிய ஸ்டார்ச்சுக்குத் தனக்கென வாடை இல்லாதிருப்பது சிறிய தகுதியன்று.

இதில் சிக்கலே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிழங்கு ஆலைக் கழிவுநீரால் ஏற்கெனவே அவதிப்படும் ஊர்களில் உப்பும் காரமும் கலந்த இன்னொரு கழிவைச் சேர்ப்பது, சுத்திகரிப்புக்கு வழி செய்யாவிட்டால், விவசாயிக்கே கேடாக முடியும். மேலே சொன்ன ஹைட்ராக்சிபுரோப்பைல் வகைக்குப் புரோப்பைலீன் ஆக்சைடு வேண்டும். எளிதில் தீப்பற்றும், புற்றுநோய் அபாயமும் உள்ள அந்தத் திரவத்தைச் சிற்றாலைகள் தொடாதிருப்பதே நல்லது. ‘கெமிக்கல் கலந்த மாவு’ என்ற அச்சமும் எழும். வெண்மைக்காக ஜவ்வரிசியில் திருட்டுத்தனமாக வெளுப்பான் சேர்ப்பது வேறு, உணவுச் சேர்க்கைப் பட்டியலில் 1450 என்ற எண்ணோடு ஏற்கப்பட்ட ஆக்டினைல் சக்சினேட் ஸ்டார்ச்சை அந்த எண்ணை அச்சிட்டு விற்பது வேறு. முன்னது தண்டனைக்குரியது. பின்னதில் கண்காணிக்க வேண்டியது, சொன்ன அளவுக்கு மேல் வேதிப்பொருள் சேர்ந்துள்ளதா, கழுவியபின் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைத்தான்.

அந்தச் சோதனைக்கான கருவிகளை ஒரு தனி ஆலை வாங்கிக் கட்டுப்படியாகாது. 1981-இல் தொடங்கிய, ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இதற்கெனவே இருப்பதுபோல் நம்மிடம் உள்ளது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி ஸ்டார்ச்சை மாற்றியமைப்பதில் அனுபவமுள்ள நிறுவனம். இவ்விரண்டையும் இணைத்து, உறுப்பினர் ஆலைகள் முறைவைத்துப் பயன்படுத்தும் ஒரு முன்னோட்டக் கூடத்தையும், மாற்றத்தின் அளவையும் எச்சத்தையும் சோதிக்கும் ஆய்வகத்தையும் அரசு அமைக்க வேண்டும். அதன் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டார்ச் ஆலை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.