மருந்து தர மறுத்த தம்பிக்கு நன்றி

நெல்லுத் தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி வந்து இந்த மூன்று வாரமாக நாங்கள் பட்ட பாடு சேத்தியாத்தோப்பு பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதவில்லை. மூலையில் ஒரு திட்டு கருகிப்போனது போக, மீதி ஆந்திரா பொன்னி நெல் பால் பிடித்து நிற்கிறது. நேற்று ராத்திரிதான் தூங்கினேன்.

வடிகாலை வெட்டிவிட்ட பக்கத்து வயல்காரர்கள், பேட்டரி ஸ்பிரேயரை வாடகை வாங்காமல் கொடுத்த மாமா, வரப்புக்கே சோறு கொண்டுவந்த அக்கா, எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் அந்தப் பூச்சிமருந்துக் கடைத் தம்பியைப் பற்றிச் சொல்லியே ஆகணும். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பைரித்ராய்டு மருந்துக்குப் பணத்தை நீட்டிவிட்டேன். அவன் எடுத்தே தரவில்லை. "அண்ணே, இதை அடிச்சா புகையானைத் தின்கிற சிலந்தியெல்லாம் செத்துரும், புகையான் இன்னும் கூடும்" என்றான். எனக்குக் கோபம், திட்டிவிட்டுத்தான் வந்தேன். கடை மூடினதும் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டான். பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, தூரைப் பிரித்து டார்ச் அடித்தான். தண்ணீர் மட்டத்தை ஒட்டி எள்ளை அப்பினதுபோல பழுப்பு பழுப்பாகப் பூச்சி. நான் அத்தனை நாளும் மேல் தோகையைப் பார்த்துக்கொண்டு, பயிர் பச்சையாக இருக்கிறதே என்று இருந்தேன். "முதல்ல தண்ணிய வடிங்க, யூரியாவ நிறுத்துங்க, நான் தர்ற மருந்தைத் தூர்ல படுற மாதிரி அடிங்க" என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினான். திட்டு வாங்கினவன் வரணும் என்று என்ன இருக்கு?

மார்கழிப் பனி இறங்கினால் பூச்சி அடங்கிவிடும் என்பார் அப்பா. இப்போது மழை விட்டாலும் மேகம் விலகுவதில்லை, ராத்திரியிலும் புழுக்கம், அடர்ந்த பயிருக்குள் காற்றே போவதில்லை, புகையானுக்கு அதுதானே வேண்டும். அப்பா கணக்கை மட்டும் நம்பி இனி நடவு போட முடியாது. அடுத்த சம்பாவுக்கு காற்று போக எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத சந்து, விட்டுத்தான் நடுவேன், இடம் வீணாகிறதே என்று நடவாட்கள் சொன்னாலும் சரி. யூரியாவையும் பிரித்துப் பிரித்துத்தான் இடுவேன்.

தம்பி, உன் டார்ச்சை வரப்பிலேயே விட்டுட்டுப் போயிட்ட. தினமும் சாயங்காலம் அதை வச்சுத்தான் தூரைப் பிரிச்சுப் பார்க்கிறேன். அறுப்பு முடிஞ்சதும் புது அரிசியோட கொண்டுவந்து தரேன்.