'கலப்பு ஊடகம்' என்று எழுதியவர்களுக்கு

அருங்காட்சியகத்தில் பெயர் அட்டை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் கூடத்தில் கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோவின் 'அட்ராபிலியாரியோஸ்' என்ற படைப்பைப் பார்த்தேன். பக்கத்து அட்டையில் சிற்பியின் பெயர், பிறந்த ஊர் போகோட்டா, ஆண்டு 1958. அப்புறம், எதனால் செய்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், பல பொருள்கள் கலந்தது என்ற பொருளில் 'கலப்பு ஊடகம்'. அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மடல். இதையே உங்கள் பார்வையாளர் ஏட்டில் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தேன். பதில் வராததால் ஊரறிய எழுதுகிறேன்.

சுவரில் விளக்கு மாடம் போலச் சின்னச் சின்னக் குழிகள். உள்ளே காலணிகள், பெரும்பாலும் பெண்களுடையவை. எங்கள் ஊரில் வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மாடத்தின் வாயை மூடியிருந்த சவ்வையும், அதைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருந்த தையலையும் கவனித்தது அப்புறம்தான்.

அது என்ன சவ்வு என்று கூடத்துக் காவலரைக் கேட்டேன். பிளாஸ்டிக்காக இருக்கும் என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, மெழுகுத்தாள் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது: அது மாட்டின் சிறுநீர்ப்பை. நூல், அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்துவது. காலணிகள், கொலம்பியாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டார் கொடுத்தவை.

பிளாஸ்டிக் என்று நினைத்தால் அது ஒரு மூடி, அவ்வளவுதான். சிறுநீர்ப்பை என்று தெரிந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது ஒரு உடம்புக்குள் இருந்தது. இப்போது ஒரு உடம்பு இல்லாத இடத்தை மூடியிருக்கிறது.

சால்செடோவிடம் எல்லாமே இப்படித்தான். 'அன்லேண்ட்' வரிசையில் இரண்டு வெவ்வேறு மேசைகளின் பாதிகளை ஒட்டி, மரத்தில் நுண்ணிய துளைகள் போட்டு, மனிதத் தலைமுடியால் தைத்திருப்பார். சித்திரவதை செய்து கொல்லப்பட்ட ஒரு செவிலியருக்காக, ஆயிரக்கணக்கான ரோஜா இதழ்களை ஒன்றோடொன்று தைத்து ஒரு சவப்போர்வை செய்தார். எங்கள் பக்கம் சவ ஊர்வலத்தில் மாலையைப் பிய்த்து இதழ்களை வழியெல்லாம் இறைத்துக்கொண்டே போவோம். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிவிடும். இவரோ இதழ்களை வாடாதபடி பதப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தையல் போட்டிருக்கிறார். அதற்கும் 'கலப்பு ஊடகம்' என்றுதான் எழுதுவீர்களா?

போகோட்டாவில் அவர் உருவாக்கி 2018-இல் திறந்த 'ஃப்ராக்மென்டோஸ்' கூடத்தின் தரை, கொலம்பிய அரசோடு பல ஆண்டுகள் போரிட்ட ஃபார்க் கிளர்ச்சிப் படையினர் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி வார்த்தது. அந்தப் போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் சுத்தியலால் அடித்த தகடுகள்தான் அதற்கு அச்சு. அங்கே ஒரு அட்டை வைக்கச் சொன்னால் 'உலோகம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள் போல.

அட்டையில் இடமில்லை என்பீர்கள். சரி. ஆனால் அதே அட்டையில் நன்கொடையாளர் பெயர்களுக்கு நான்கு வரி இருந்தது.

நீளமான விளக்கம் எதுவும் வேண்டாம். 'காலணிகள், மாட்டின் சிறுநீர்ப்பை, அறுவை சிகிச்சை நூல், சுவர்' என்று ஒரு வரி எழுதுங்கள். அச்சடித்ததும் முதலில் அந்தக் காவலரிடம் காட்டுங்கள். நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்