குட்டி ஏன் இப்படி வந்திருக்கிறது?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜூலையில் படம் பார்த்து முன்பணம் கட்டிய வெல்ஷ் இனக் குதிரைக்குட்டி, நவம்பரில் வண்டியிலிருந்து இறங்கும்போது வேறு குட்டி போலத் தெரியும். மினுமினுப்பு போய், கம்பளி போல் முடி அடர்ந்திருக்கும். குட்டியை மாற்றி அனுப்பிவிட்டோமோ என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வேல்ஸ் மலைமேட்டு மழைக்கும் காற்றுக்கும் ஏற்ற குளிர்கால முடி அது. மழை நின்றதும் விரலால் முடியைப் பிளந்து பாருங்கள்: மேலே சொட்டச் சொட்ட இருந்தாலும் தோலருகே காய்ந்தே இருக்கும். கத்தரிக்க வேண்டாம். நல்ல ஒதுங்கிடம் இருந்தால் போர்வையும் வேண்டாம். போர்வை முடியை அமுக்கினால் இடையில் சூடு தாங்கும் காற்று போய்விடும்.

இந்த முடிக்குக் கீழே குட்டி கொழுத்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது. விலா துருத்தி, வயிறு மட்டும் பானையாகத் தொங்கினால் முதல் சந்தேகம் உருளைப்புழு. லத்தியைப் பரிசோதனைக்கு அனுப்பி, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை எடைநாடாவால் அளந்த எடைக்கேற்பக் கொடுங்கள். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்கு இந்தப் புழு பல இடங்களில் மசிவதில்லை.

தீனியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஆறு மாதத்தில் பால் மறந்த குட்டிக்கு நல்ல உலர்புல் எந்நேரமும் இருக்கட்டும். புரதமும் தாது உப்பும் சேர்ந்த பேலன்சரை மூட்டையில் அச்சிட்ட அளவுக்கு மேல் போடாதீர்கள். கண்காட்சிக்குப் பளபளவென்று நிற்கட்டும் என்று தானியத்தை வாரிப் போட்டால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மேலே எலும்பு வளரும் இடம் வீங்கும், குளம்பு செங்குத்தாக நிமிரும். இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே தானியத்தை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். லாடம் இப்போது தேவையே இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவினால் போதும்.

மே மாதம் பிறந்தாலும் கண்காட்சிக் கணக்கில் ஜனவரி 1 அன்று அது ஒரு வயதுக் குதிரை. அடுத்த ஜூலையில் லானெல்வெத்தில் நடக்கும் ராயல் வெல்ஷ் கண்காட்சிக்கு அந்த வகுப்பில்தான் பெயர் கொடுக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் நடக்கவும் நிற்கவும் காலைத் தூக்கவும் பழக்குங்கள். கயிற்றில் வட்டமாக ஓட்டாதீர்கள், இளம் மூட்டு தாங்காது. பிடரியைச் சடை சடையாகப் பின்னி அழகு பார்க்க வேண்டாம். வெல்ஷ் வகுப்பில் இயல்பான பிடரிதான் வழக்கம். சி, டி பிரிவுக் (வெல்ஷ் இனத்தின் காப் எனும் கட்டுடல் வகை) குட்டி வாங்கியவர்கள் கால் முடியை ஒட்ட வெட்டிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். அதில் சேறு படிந்தால் காயவிட்டுத் தூரிகையால் உதிர்த்தெடுங்கள். தினமும் கழுவினால் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

குட்டியின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட் குட்டியுடனே வரும். 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பண்ணைக் குடும்பத்தார்