கருவுற்றவரிடம் ‘உடனே நிறுத்து’ என்பது சிகிச்சையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள், வலிமருந்து) பழக்கத்துக்கு ஆளான பெண் கருவுற்றால், ‘வயிற்றுப் பிள்ளைக்காகவாவது இன்றே விட்டுவிடு’ என்றுதான் சுற்றியிருப்போர் முதலில் சொல்வார்கள். நல்லெண்ணத்தில் பிறக்கும் இந்த அறிவுரை ஆபத்தானது.

ஹெராயினாயினும், வலிக்கென எழுதித் தரப்பட்ட டிரமடால், கோடீன் மாத்திரைகளாயினும், உடல் பழகிவிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் பெரும்பாலோர் மீண்டும் அதற்கே திரும்புகிறார்கள். இடைப்பட்ட நாள்களில் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கர்ப்ப காலத்தில் அதே ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மாற்று மருந்துகளான மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் சிகிச்சையைத் தொடரப் பரிந்துரைக்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்போர் உண்டு. மருத்துவக் கண்காணிப்பில் நாள்தோறும் தரப்படும் மருந்து இரத்தத்தில் ஏறி இறங்காமல் நிலைத்திருப்பதால், தாயோடு கருவும் அடிக்கடி படும் தவிப்பிலிருந்து காக்கப்படுகிறது. கடைசி மாதங்களில் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றுவதால் அளவைக் கூட்டவும் நேரலாம். அதைக் கண்டு வீட்டார் பதறி, தாமாகவே குறைக்கக் கூடாது. தாய் எடுக்கும் அளவைக் கொண்டு குழந்தையின் பாதிப்பைக் கணிக்க இயலாது.

தாய்வழி வந்த மருந்து பிறந்ததும் நின்றுபோவதால், ஓரிரு நாள்களில், சில வேளை சற்றுத் தாமதமாக, குழந்தை கீச்சிட்டு அழக்கூடும், கைகால் நடுங்கும், பால் குடிக்கத் திணறும், உறக்கம் வராது. இது கவனித்துச் சரிசெய்யக்கூடிய நிலை. தாய்க்குப் புப்ரினார்ஃபின் தரப்பட்ட குழந்தைகளுக்கு, மெத்தடோன் தரப்பட்டோரின் குழந்தைகளைவிட இந்த அறிகுறிகளைத் தணிக்க மிகக் குறைந்த மார்ஃபினே (ஓர் ஓபியாய்டு மருந்து) தேவைப்பட்டதாக 2010இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. குழந்தை உண்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அமைதியடைகிறதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்ட முறையால், வீடு திரும்பத் தகுதியாகும் காலம் சுமார் 15 நாள்களிலிருந்து 8 நாள்களாகக் குறைந்ததை 2023ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு காட்டியது. மங்கிய வெளிச்சம், மார்போடு அணைத்தல், சிகிச்சையில் நிலையாக உள்ள தாயின் பால் ஆகியவையே இங்கு முதல் மருந்து. அப்படியிருக்க, தண்டனைபோலத் தாயையும் சேயையும் பிரித்து வைக்கும் மருத்துவமனை வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பழக்கத்தை மறைக்கும் பெண், கர்ப்பகாலப் பரிசோதனைக்கே வராமல் போகிறாள்.

பிரசவம் முடிந்ததும் ‘இனி மருந்து எதற்கு’ என்று நிறுத்தச் சொல்வதும் தவறு. பழக்கம் மீளும் அபாயமும், மிகையளவால் நேரும் மரணமும் பிரசவத்துக்குப் பின்வரும் மாதங்களில்தான் கூடுகின்றன. குழந்தைக்குத் தடுப்பூசி நாள் குறித்துத் தருவதுபோல, தாய்க்கும் அடுத்த சிகிச்சை நாளைக் குறித்துத் தந்தே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்